கூரை பார்க்க வந்த வண்டு

இரண்டு குளிர்காலங்களுக்கு முன் நான் ஏணியிலிருந்து விழுந்தேன். ஒஸ்லோவின் ஹொல்ம்லியாவில் நான் வேலை செய்யும் குடியிருப்பில் நான்கு மாடிக் கட்டடங்கள் ஏழு இருக்கின்றன. பனி விழத் தொடங்குமுன் ஒரு தடவையும் கரைந்தபின் ஒரு தடவையும் யாராவது ஏறி ஓடுகளையும் மழைநீர் ஓடும் பீலிகளையும் பார்க்க வேண்டும். பதினாறு வருடங்களாக அந்த யாராவது நான்தான். இங்கே அந்த வேலைக்கு வக்த்மெஸ்தர் என்று பெயர். குழாய் ஒழுகினாலும், கதவு இறுகினாலும், கதவுத் திறப்பைத் தொலைத்தாலும் சனங்கள் என்னைத்தான் அழைப்பார்கள். நான் விழுந்தது பெரிய உயரத்திலிருந்து அல்ல. சைக்கிள் கொட்டகையின் கூரை, இரண்டு ஆள் உயரம். ஆனாலும் இரண்டு விலா எலும்புகள் வெடித்தன. ஆறு கிழமை வீட்டில் கிடந்தேன்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், குடியிருப்பு நிர்வாகக் குழுவின் தலைவி என் பட்டறைக்கு வந்தார். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை; எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லும் நோர்வேஜியப் பெண். ஒரு சாம்பல் நிறப் பெட்டியை மேசையில் வைத்தார்.

"இனி நீங்கள் ஏற வேண்டாம். இது ஏறிப் பார்க்கட்டும்" என்றார்.

உள்ளே ஒரு கமரா ட்ரோன். கால்களை மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். கால் கிலோ பாரம்கூட இல்லை. ஆனால் பதிவு செய்ய வேண்டும், பரீட்சை எழுதினால் நல்லது, காப்புறுதியை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். இருபத்தொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் நான். இப்போது ஐம்பத்தேழு. மொழிப் பரீட்சை, வாகனப் பரீட்சை, கட்டடத்தின் சூடாக்கும் இயந்திரத்துக்கான பரீட்சை என்று இந்த நாட்டில் எழுதியவை பல. அதோடு இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

பாடங்கள் இணையத்தில் இருந்தன. சிறுவர் பள்ளியில் வேலை செய்யும் என் மனைவி, பின்னேரங்களில் தேநீரோடு பக்கத்தில் இருந்து கேள்விகளை வாசிப்பாள். நான் பதில் சொல்வேன். நூற்றிருபது மீற்றருக்கு மேலே போகக்கூடாது. எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். கூட்டத்தின் மேல் பறக்கக்கூடாது. விமான நிலையங்களுக்குக் கிட்டவும், வரைபடத்தில் சிவப்பாய்க் கிடக்கும் நகர மையத்திலும் அனுமதி இல்லாமல் எழுப்பக்கூடாது. மற்றவர்களின் யன்னலுக்குள் கமராவைத் திருப்பக்கூடாது.

"கார் லைசன்சுக்குக்கூட நீங்கள் இவ்வளவு படிக்கேல்லை" என்றாள்.

"கார் மேலை இருந்து ஆரையும் பார்க்காதப்பா" என்றேன்.

அதைச் சொன்னபோது சாதாரணமாகத்தான் சொன்னேன். மனைவி தேநீரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

பரீட்சையில் தேறினேன். பதிவு இலக்கத்தைச் சிறிய துண்டில் அச்சடித்து அதன் வயிற்றில் ஒட்டினேன். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாடசாலைக்குப் பின்னால் இருக்கும் மண் மைதானத்துக்கு அதைக் கொண்டுபோனோம். காற்று இல்லை. ஆட்களும் இல்லை. கருவியை இயக்கும்போது என் கண் திரையில் இருக்கும் என்பதால், வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க இன்னொருவர் வேண்டும். அதற்குத்தான் மனைவி வந்தாள்.

படித்த ஒழுங்கிலேயே எல்லாவற்றையும் செய்தேன். விசிறிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். குளிரில் பற்றறி விரைவில் இறங்கிவிடும் என்பதால் அதை அதுவரை என் ஜக்கெற்றின் உள் பையில் வைத்திருந்தேன். செய்மதிகளின் சமிக்ஞை பிடிபடும்வரை காத்திருந்தேன். தொடர்பு அறுந்தால் எந்த உயரத்தில் திரும்பி வரவேண்டும் என்பதை, சுற்றியிருந்த ஊசியிலை மரங்களை விட உயரமாகக் குறித்துவைத்தேன். பிறகு எழுப்பினேன்.

இரண்டு மீற்றரில் நிறுத்தி ஒரு நிமிடம் அப்படியே விட்டேன். முன்னுக்கு, பின்னுக்கு, இடம், வலம். அதன் முகம் என் பக்கம் திரும்பினால் இடம் வலமாகிவிடும். அதை விரல்கள் பழகக் கொஞ்ச நேரம் எடுத்தது. சத்தம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நுளம்பை விடத் தடித்த, நிற்காத ஒரு இரைச்சல். பிறகு முப்பது மீற்றர், ஐம்பது, எண்பது. மைதானம் ஒரு மண் நிறச் சதுரமாகச் சுருங்கியது. கமராவைக் கீழே சாய்த்தேன்.

மைதானத்தின் தூர ஓரத்தில், நடைபாதையில், ஒரு குடும்பம் பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தது. திரையில் மூன்று புள்ளிகள். இரண்டு பெரியவை, ஒன்று சின்னது. சின்னப் புள்ளி ஓடிப்போய், நின்று, திரும்பிப் பெரிய புள்ளிகளிடம் வந்தது.

நான் அப்படிப் புள்ளிகளை முன்பும் பார்த்திருக்கிறேன். போரின் கடைசி மாதங்களில் ஒஸ்லோவில் நாங்கள் எல்லோரும் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் பனிக்குள் நின்றோம். நின்றுவிட்டு வந்து, ஒரு நண்பர் வீட்டில் கணினியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். மேலிருந்து இராணுவம் எடுத்த படங்கள் இணையத்தில் வந்துகொண்டிருந்தன. சாம்பல் நிறம். கடற்கரை, தரப்பாள் கொட்டில்கள், அவற்றுக்கிடையே அசையும் புள்ளிகள். என் அண்ணர் அங்கே இருந்தார். நான் ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தேன். அண்ணருக்கு இடது கால் கொஞ்சம் சாய்ந்து நடக்கும். சாய்ந்து நடக்கும் புள்ளி ஒன்றைத் தேடினேன். அது எவ்வளவு விசர்த்தனம் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தேடினேன். அண்ணர் வெளியே வரவில்லை. அவரைக் கடைசியாகக் கண்டவர் என்று ஒருவரையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மைதானத்தில் என் விரல்கள் கருவியிலிருந்து தாமாகவே விலகிவிட்டன. ஆனால் ட்ரோன் விழவில்லை. கையை எடுத்தால் அது விழாது, நின்ற இடத்திலேயே நிற்கும். பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். எண்பது மீற்றர் உயரத்தில் அது அசையாமல் நின்று அந்தக் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமலே.

"இஞ்சாருங்கோ, என்ன செய்யிறியள்? ஆக்கள் வருகினம், இறக்குங்கோ" என்றாள் மனைவி.

இறக்கினேன். அவளிடம் குளிர் என்று சொன்னேன்.

பிறகு நான்கைந்து தடவை அந்த மைதானத்துக்குப் போனோம். விரல்கள் பழகின. மாத முடிவில், புதன்கிழமை காலை பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் கூரைகளைப் பார்க்க ட்ரோன் பறக்கும் என்று தலைவி எல்லா வாசல்களிலும் அறிவித்தல் ஒட்டினார். நோர்வேஜிய மொழியில், பெரிய எழுத்தில், படம்கூடப் போட்டு.

அந்தப் புதன்கிழமை, முதலிரண்டு கட்டடங்களையும் முடித்தேன். மனைவி வேலையில் இருந்ததால் தலைவியே பக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்தார். ஓடுகள் துல்லியமாகத் தெரிந்தன. ஒரு பீலிக்குள் பந்து ஒன்று கிடந்தது. மூன்றாவது கட்டடத்தின் மேற்குப் பக்கத்தில் ஓடு ஒன்று நழுவியிருந்ததால் அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் நிறுத்திப் படம் எடுத்தேன். கால் மணி நேரம் இருக்கும். இறக்கி விசிறிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு முதியவர் வந்தார். இரண்டாம் மாடியில் ஒரு வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடக்கிறது, உள்ளே தண்ணீர் ஓடுகிறது, கூப்பிட்டால் ஒருவரும் இல்லை என்றார்.

எனக்கு அந்த வீடு தெரியும். அங்கே எங்கள் ஆட்கள்தான். கணவர் பேருந்து ஓட்டுகிறார். அவருடைய மனைவிக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பின்னேர வேலை. அந்தப் பெண் வன்னியில் போர் முடிந்தபின் முகாமில் இருந்து, பிறகு இந்தியா போய், அங்கிருந்து கணவரிடம் வந்து சேர்ந்தவர். கோயிலில் கண்டால் சிரிப்போம். அதற்கு மேல் பழக்கம் இல்லை.

சமையலறைக் குழாயின் கீழே அரிசி கழுவிய பாத்திரம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குழாயைப் பூட்டினேன். அறைகளில் யாரும் இல்லை. வாசலில் செருப்பும் சப்பாத்துகளும் அப்படியே இருந்தன. இந்தக் கட்டடங்களில் ஆட்கள் எங்கே போக முடியும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. படியால் நிலவறைக்கு இறங்கினேன். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பி வலை அடித்த சிறு களஞ்சிய அறை உண்டு. அவர் வீட்டு அறை கடைசி. குளிர்காலக் கார்ச் சில்லுகளுக்கும் சுவருக்கும் இடையில் இருந்த இடைவெளியில், முழங்காலை மடித்து, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, வெறுங்காலோடு அந்தப் பெண் குந்தியிருந்தார்.

விளக்கைப் போட்டேன். "தங்கச்சி" என்றேன்.

அவர் கையை எடுக்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது.

"போட்டு முடிஞ்சுதோ?"

"என்ன தங்கச்சி?"

"வண்டு கனநேரம் சுத்தினது. பின்னாலை செல் அடிப்பாங்கள். அடிச்சு முடிஞ்சுதோ?"

அந்தச் சொல்லை நான் கேட்டிருக்கிறேன். வன்னியில் ஆளில்லாத வேவு விமானத்துக்குச் சனங்கள் வைத்த பெயர் அது. ஆனால் கேட்டிருக்கிறேனே தவிர, அந்தச் சத்தம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் ஊரை விட்டு வந்த காலத்தில் எங்கள் தலைக்கு மேலே வந்தவை ஹெலிகொப்ரர்கள்.

"அது நான்தான் பிள்ளை" என்றேன். "கூரை பார்த்தனான். ஓடு கழண்டிருக்கோ எண்டு."

அவர் கைகளை இறக்கி என்னைப் பார்த்தார். இத்தனை வருடம் சிரித்துவிட்டுக் கடந்துபோன ஒரு மனிதனை இப்போதுதான் யார் என்று கண்டுகொண்டது போன்ற பார்வை. நான் அந்தப் பார்வையை இன்றுவரை மறக்கவில்லை.

"நீங்களோ" என்றார்.

நான் எதிரே சீமெந்துத் தரையில் இருந்தேன். கால் மணி நேரம் கழித்து அவர் தானாகவே எழுந்தார். அறிவித்தலைத் தான் வாசித்ததாகவும், பிள்ளைகள் விளையாடுகிற சாமான் என்று நினைத்ததாகவும் படியேறும்போது சொன்னார். "சத்தம் இருக்குமெண்டு நினைக்கேல்லை அண்ணை. என்ரை பிழைதான்."

"உங்கடை பிழை இல்லை" என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மிச்சக் கட்டடங்களைப் பார்க்கவில்லை. தலைவியிடம் சொன்னேன். அவர் வாசலில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கழற்றியபடி, "படத்தையாவது நான் போட்டிருக்கக் கூடாது; விளையாட்டுப் பொருள் போலத்தான் இருந்தது" என்றார். மனைவி அன்று பின்னேரம் இடியப்பமும் சொதியும் கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். "சாப்பாட்டை வாங்கினவ. கதைக்கேல்லை" என்றாள். ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்து அலுமாரியின் மேல்தட்டில் தள்ளினேன். அந்த நாட்களில் எனக்கும் ஒரு பழக்கம் வந்தது. பட்டறையில் காற்று வாங்கும் விசிறி இரைந்தால் எழுந்துபோய் நிற்பாட்டிவிடுவேன். அடுத்த வீட்டுக்காரர் புல்லு வெட்டினால் யன்னலைப் பூட்டுவேன். நான் கேட்டறியாத ஒரு சத்தத்துக்கு நான் பயந்துகொண்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் என் பட்டறைக்கு வந்தார். வேலைக்குப் போகும் உடுப்போடு, தோளில் பை. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அண்ணை, உங்கடை சாமானிலை ஆக்கள் தெரிவினமோ?"

"தெரிவினம்."

"எவ்வளவு உயரத்திலை நிண்டால்?"

"நாங்கள் நூற்றிருபது மீற்றருக்கு மேலை போகேலாது. அந்த உயரத்திலை சின்னனாத்தான் தெரியும்."

"பொம்பிளை எண்டு தெரியுமோ? கையிலை பிள்ளை இருக்கெண்டு தெரியுமோ?"

அவர் பையின் பட்டியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கோ விலாசம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். அவருக்கு ஒரு மகன் இருந்தான். ஒன்றரை வயது. ஒரு நாள் காலை, கடற்கரையில் கஞ்சி கொடுத்த இடத்தில் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். வண்டு வெகுநேரமாகத் தலைக்கு மேல் சுற்றியது. பிறகு நின்றது போலிருந்தது. அதன் பின் எறிகணை. அவருடைய வலது தோளில் இப்போதும் துண்டொன்று இருக்கிறது. மகன் இல்லை.

"எனக்கு ஒண்டுதான் தெரியவேணும்" என்றார். "மேலை இருந்து பார்த்துக்கொண்டிருந்தவன் கண்டவனோ, காணேல்லையோ? காணேல்லை எண்டால் அது ஒரு மாதிரி. கண்டவன் எண்டால் வேறை மாதிரி. ரெண்டிலை எது எண்டு தெரியாமல் இருக்கிறதுதான் என்னாலை ஏலாமல் கிடக்கு."

"தங்கச்சி, அது வேறை கமரா. வேறை உயரம். இதை வைச்சு அதைச் சொல்லேலாது."

"தெரியும். அது இதைவிட விலை கூடின சாமான் எண்டும் தெரியும். எண்டாலும் எனக்குக் காட்டுங்கோ."

"உங்கடை அவருக்குச் சொன்னீங்களோ?"

"இல்லை. பிள்ளை வயித்திலை இருக்கேக்கை இஞ்சை வந்தவர். அவனைக் காணவே இல்லை. சொன்னால் அழுவார். பிறகு நான் அவரைத் தேத்தவேணும்."

மனைவி முதலில் வேண்டாம் என்றாள். "பிறகு அவவுக்கு என்னவும் நடந்தால்?" என்று கேட்டாள். பிறகு அவளே, "நாங்கள் காட்டாட்டி அவ வேறை எங்கையாவது தேடுவா" என்றாள். அடுத்த சனிக்கிழமை காலை ஏழரைக்கு மூவரும் மண் மைதானத்துக்குப் போனோம். நேரத்தை அவர்தான் சொன்னார். எட்டு மணிக்குமுன் இருக்கவேண்டும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போகுமுன் எல்லாவற்றையும் அவருக்கு விளங்கப்படுத்தினேன். எங்கேயிருந்து எழும்பும், எந்தப் பக்கம் போகும், எவ்வளவு நேரம் நிற்கும், அவர் கையைத் தூக்கினால் நான் உடனே இறக்கிவிடுவேன் என்று. நேரே தலைக்கு மேலே நிறுத்த மாட்டேன், கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்துவேன் என்றேன். அவர் தலையாட்டினார். முதலில் தரையில் வைத்தே விசிறிகளைச் சுழலவிட்டேன். அவர் முகம் வெளிறியது. மனைவி அவர் கையைப் பிடித்தாள். அணைத்தேன். மறுபடி சுழலவிட்டேன். மூன்றாம் முறை அவர், "இனிச் சரி" என்றார்.

மைதானத்தின் நடுவுக்கு நடந்துபோய் நின்றார். பையிலிருந்து ஒரு குளியல் துவாயை எடுத்தார். வீட்டிலேயே சுருட்டி, இரண்டு இடத்தில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதை இடது இடுப்பில் வைத்து அணைத்துக்கொண்டார். சுருட்டிய துவாயின் நீளத்தைப் பார்த்தபோது அது எவ்வளவு கவனமாக அளந்தெடுத்தது என்று எனக்கு விளங்கியது.

மனைவி வானத்தைப் பார்த்தாள். நான் ட்ரோனை ஏற்றினேன். நூறு, நூற்றுப் பத்து, நூற்றிருபது. நிறுத்தினேன். கமராவைச் சாய்த்தேன். திரையில் ஒரு பெரிய மண் நிறச் சதுரமும் அதன் நடுவில் ஒரு நீலப் புள்ளியும். அது அவருடைய ஜக்கெற். அவ்வளவுதான். பெண் என்றோ, கையில் ஏதாவது இருக்கிறது என்றோ சொல்ல முடியவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. இரண்டு படங்கள் எடுத்தேன். இறக்கினேன்.

அவர் துவாயோடு நடந்து வந்தார்.

"ஒண்டும் தெரியேல்லை தங்கச்சி" என்றேன். "ஒரு புள்ளி. அவ்வளவுதான்."

"காட்டுங்கோ."

திரையைக் கொடுத்தேன். அவர் கனநேரம் பார்த்தார். பிறகு இரண்டு விரல்களை வைத்துப் படத்தைப் பெருப்பித்தார். இன்னும் பெருப்பித்தார். புள்ளி சதுரம் சதுரமாக உடைந்தது. அதை விட்டுவிட்டு விரலைப் பக்கத்துக்கு நகர்த்தினார்.

"இது என்ன அண்ணை?"

குனிந்து பார்த்தேன். காலை வெயில் தாழ்வாகச் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. புள்ளியிலிருந்து மேற்குப் பக்கமாக மண்ணில் ஒரு நீளமான கருப்பு உருவம் கிடந்தது. தலை தெரிந்தது. தோள் தெரிந்தது. ஒரு பக்கம் வளைந்த கையும், அந்தக் கைக்குள், இடுப்புக்கு மேலே, ஒரு சிறிய உருண்ட தலையும். துவாயின் நுனிதான் அது. ஆனால் அந்த நிழலைப் பார்க்கும் எவரும் துவாய் என்று சொல்லமாட்டார்கள். பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் ஒரு பெண்.

"நிழல்" என்றேன்.

"அண்டைக்கும் வெயில் வந்திட்டுது" என்றார். "வெளி மணல். ஒரு மரமும் இல்லை. எங்கள் எல்லாருக்கும் நிழல் விழுந்திருக்கும்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். நான், வேறு கமரா, வேறு உயரம், ஒன்றும் நிச்சயமில்லை என்று மறுபடியும் சொல்லத் தொடங்கினேன். அவர் அழவில்லை. என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"விளங்குது அண்ணை. நீங்கள் சொல்லுறதும் விளங்குது. இதைப் பார்த்ததே எனக்குப் போதும்."

துவாயின் கட்டுகளை அவிழ்த்தார். உதறி, நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். மனைவி போத்தலில் கொண்டுவந்த தேநீரை மூவரும் நின்றபடியே குடித்தோம். புறப்படும்போது நான், "படத்தை அழிச்சுவிடுறன்" என்றேன்.

"வேண்டாம். எனக்கு அனுப்பிவிடுங்கோ."

நான் அவரைப் பார்த்தேன்.

"அவனோடை எனக்கு ஒரு படமும் இல்லை" என்றார்.

அனுப்பினேன். அனுப்பிய பிறகு என் கருவியிலிருந்து அழித்துவிட்டேன். ஆனால் கண்ணிலிருந்து அழியவில்லை. அதன்பின் சில வாரங்கள் நான் தெருவில் போகும் சனங்களைப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் விழுவதைத்தான் பார்த்தேன். ஹொல்ம்லியா ரயில் மேடையில் காலை வேளைகளில் நிற்கும் அத்தனை பேரிலிருந்தும் அது நீண்டு கிடக்கும். பையோடு, குடையோடு, பிள்ளையோடு. அந்தப் பழைய சாம்பல் நிறப் படங்கள் இணையத்தில் இப்போதும் கிடக்கலாம். மறுபடி தேடிப் பார்ப்போமா என்று பல தடவை நினைத்தேன். அண்ணரை நான் பிழையான இடத்தில் தேடினேனோ என்று நினைத்தேன். ஆனால் தேடவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் துணிவு இல்லை.

கோடையில் ஒருநாள் வாகனத் தரிப்பிடத்தில் அந்தப் பெண்ணின் கணவர் என்னிடம் வந்தார். பேருந்துச் சாரதியின் நீலச் சட்டையோடு வேலை முடிந்து வந்திருந்தார். கொஞ்ச நேரம் புதிய மின்சாரப் பேருந்துகளின் பற்றறி பற்றிக் கதைத்தார். குளிரில் அவையும் விரைவில் இறங்கிவிடுகின்றன என்றார். பிறகு, "படம் பார்த்தனான் அண்ணை" என்றார். என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் படியேறிப் போனார்.

இலையுதிர் காலம் வந்தது. பீலிகளைப் பார்க்க வேண்டும். நான் தலைவியிடம் ஏணியிலேயே ஏறுகிறேன் என்றேன். அவர் என் விலா எலும்புகளை நினைவூட்டினார். வேறு ஆளைக் கூலிக்குப் பிடிப்போம் என்றும் சொன்னார். அப்படியானால் யாரோ ஒருவர் வந்து, சொல்லாமல் கொள்ளாமல் எழுப்பிவிட்டுப் போவார். நான் அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்களே பறக்கவிடுங்கோ அண்ணை" என்றார். "ஆனால் எழுப்பமுதல் எனக்குப் போன் எடுங்கோ. எடுத்துப்போட்டு வைக்காதேங்கோ. இறக்கும்வரைக்கும் லைனிலை நில்லுங்கோ. ஒண்டும் கதைக்கத் தேவையில்லை."

"வேறை எங்கையாவது போய் இருக்கலாமே? நான் நேரத்தைச் சொல்லுறன்."

"எத்தினை தரம் ஓடுறது" என்றார்.

இந்த முறை அறிவித்தலைத் தமிழிலும் நான் எழுதி ஒட்டினேன். மனைவி லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். கருவியை இயக்கும்போது என் கவனம் சிதறக்கூடாது என்பதால் தொலைபேசியை அவள்தான் வைத்திருந்தாள். ஒலிபெருக்கியைப் போட்டு, என் பக்கத்தில் நின்று, கண்ணை வானத்தில் வைத்திருந்தாள்.

"எழுப்பப் போறன் தங்கச்சி."

"ஓம்."

முதல் கட்டடம், இரண்டாவது கட்டடம். மூன்றாவதுக்கு வந்தேன். அவர் வீட்டு யன்னல் திரையில் வராதபடி கமராவைத் திருப்பி, கூரை விளிம்போடு மெதுவாக நகர்த்தினேன். அப்போதுதான் தொலைபேசியில் அது கேட்டது. மேலே வானத்தில் என் ட்ரோனின் சத்தம் மெல்லியதாக, கொஞ்சம் விலகி, பூச்சி போலக் கேட்டுக்கொண்டிருந்தது. தொலைபேசிக்குள் அதே சத்தம், ஒரு கணம் பிந்தி, கூரைக்குக் கீழே, ஒரு சமையலறைக்குள் இருந்து வந்தது. அங்கே அது தடித்திருந்தது. சுவர்களுக்குள் நிறைந்திருந்தது. நகரவே நகராதது போலிருந்தது. அதன் நடுவே அவருடைய மூச்சு கேட்டது. எண்ணி எண்ணி விடும் மூச்சு.

இத்தனை நாள் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான், கீழே அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன். என் மனைவியும் கேட்டாள். வானத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பீலிக்குள் இலைகள் அடைத்திருந்த இரண்டு இடங்களைப் படம் எடுத்தேன். இறக்கினேன். விசிறிகள் நின்றன.

"நிண்டிட்டுது தங்கச்சி."

தொலைபேசியில் குழாயிலிருந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரத்தை எடுத்து வைக்கும் சத்தம்.

"ஓம்" என்றார். "இன்னும் எத்தினை கட்டடம் கிடக்கு?"

"நாலு."

"சரி. போனை வைக்காதேங்கோ."